உரத்தொட்டியில் நாற்றம் ஏன்?

கேள்வி: மாடியில் மண்தொட்டி வைத்து காய்கறிக் கழிவை மக்க வைக்கிறேன். நாற்றம் தாங்கவில்லை; புழுவும் நெளிகிறது. கொட்டிவிடட்டுமா?
- வாசகி, மதுரை

பதில்: கொட்டிவிடாதீர்கள் அம்மா. ஈரம் மிஞ்சி, காற்று புகாமல் போனதால் வரும் நாற்றம் அது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். விரலிடுக்கில் நீர் ஒழுகுகிறதா? அப்படியானால் ஒரு பங்கு கழிவுக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகோ தென்னைநார்த் தூளோ சேர்த்து, அடிவரை கிளறுங்கள். தொட்டியின் அடியில் துளை அடைத்திருந்தால் குத்திவிடுங்கள். சில நாளில் நாற்றம் அடங்கிவிடும்.

புழுக்கள் ஈயின் குஞ்சுகள்தான். கழிவைத் தின்று மக்குவதற்கு உதவுகின்றன, பாவம், அவற்றை மருந்தடித்துக் கொல்லாதீர்கள். மேலே சருகு மூடினாலே குறையும். மீனும் எண்ணெய்ப் பண்டமும் மட்டும் வேண்டாம். இரண்டு, மூன்று மாதத்தில் கழிவு கறுத்து உதிரியாகி, மழை நனைத்த மண்ணாக மணக்கும். அப்போது சலித்து, கறிவேப்பிலைச் செடிக்கு முதல் பிடியைப் போடுங்கள்.