டியூப்லைட் வெளிச்சத்தில் ஆர்.பி.எம். கணக்கு

எங்கள் பழைய அம்பாசிடரில் ஆர்.பி.எம். மீட்டர் கிடையாது. மதுரையில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஒன்றைப் பார்த்ததும் ஆசைப்பட்டு வாங்கி மாட்டினேன். ஐட்லிங்கில் முள் 600-ல் கிடந்தது. குறைச்சல் என்று நினைத்து, கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருகி 900-க்கு ஏற்றினேன். அன்று பிடித்தது வினை. எழுமலையிலிருந்து உசிலம்பட்டி போய் வருவதற்குள் பெட்ரோல் தண்ணீராய்ச் செலவானது. சிக்னலில் நின்றாலும் இன்ஜின் உறுமியது.

மீட்டரைச் சோதிக்க என்னிடம் கருவி இல்லை. ஷெட்டில் பழைய சோக் போட்ட டியூப்லைட் இருந்தது. நம் கரன்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அது நொடிக்கு 100 முறை மினுக்கும். கிராங்க் புல்லியில் வெள்ளைக் கோடு ஒன்று போட்டு, இருட்டில் அந்த வெளிச்சத்தில் பார்த்தால், இன்ஜின் 1500-ல் ஓடும்போது நான்கு கோடுகள் அசையாமல் நிற்கும்; 3000-ல் எதிரெதிரே இரண்டு.

தம்பி மகனை ஆக்ஸிலரேட்டரை மெல்ல அழுத்தச் சொன்னேன். முதலில் நான்கு கோடுகள் நின்றன. “மீட்டர் எவ்வளவுடா?” “ஆயிரம், பெரியப்பா.” இரண்டு கோடுகள் நின்றபோது, “ரெண்டாயிரம்!” என்றான்.

இரண்டு இடத்திலும் மூன்றில் ஒரு பங்கு குறைவு. மீட்டர் ஸ்பார்க்கை எண்ணித்தான் வேகம் காட்டுகிறது. அம்பாசிடர் போன்ற நான்கு சிலிண்டர் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு ஸ்பார்க், ஆறு சிலிண்டரில் மூன்று. மீட்டரைக் கழற்றிப் பார்த்தால், பின்னால் இருந்த சிலிண்டர் சுவிட்ச் 6-ல் இருந்தது. 4-க்குத் தள்ளினேன். ஐட்லிங்கில் முள் 1350-க்குப் போய் நின்றது. அவ்வளவும் நான் ஏற்றிவிட்டது!

நான் கற்றவை:

• முள் எல்லா வேகத்திலும் ஒரே விகிதத்தில் தப்பினால், முதலில் சிலிண்டர் சுவிட்சைப் பாருங்கள். பிறகுதான் உள்ளே அளவைத் திருத்தும் பிரீசெட். முள் துடித்தால் எர்த், பிளாட்டின பாயின்ட், கண்டென்சர்.

• எல்.இ.டி. லைட்டிலும், ஜெனரேட்டர் ஓடும்போதும் இந்தக் கணக்கை நம்ப வேண்டாம்.

• கியரை நியூட்ரலில் வைத்து ஹேண்ட் பிரேக் போடுங்கள். புகை வெளியேற ஷெட் கதவைத் திறந்து வையுங்கள்.

• டியூப்லைட் வெளிச்சத்தில் இன்ஜின் ஃபேனும் நிற்பதுபோலத் தெரியும். கையும் தோள் துண்டும் எட்டவே இருக்கட்டும்.

மீட்டர் சரியா என்று பார்க்காமல் இன்ஜினில் ஸ்குரூ டிரைவரை வைக்காதீர்கள். முதல் நாள் என் அம்பாசிடர் சரியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.