டோபமினும் உடல் எடையும்: மனநல மருந்து உட்கொள்வோரும் குடும்பத்தாரும் அறிய வேண்டியவை

“மருந்து தொடங்கியது முதல் இவருக்குப் பசி அடங்குவதே இல்லை, போட்ட சட்டையெல்லாம் இறுகிப்போயிற்று.” மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுவோரின் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கூறுவது இது. நோயாளியின் சோம்பலே இதற்குக் காரணம் என்று கருதுவது தவறு. காரணத்தின் பெரும்பகுதி மருந்து செயல்படும் விதத்திலேயே உள்ளது.

டோபமின் செய்யும் பணி

மூளையின் நரம்பணுக்கள் செய்தி பரிமாறப் பயன்படும் வேதிப்பொருள்களுள் ஒன்று டோபமின். உணவின்பால் நாட்டத்தைத் தூண்டுவதில் இதற்குப் பங்குண்டு. இரைப்பையில் சுரக்கும் கிரெலின் என்னும் ஹார்மோன் இத்தூண்டுதலை மிகுவிக்கிறது; கொழுப்புத் திசுவில் சுரக்கும் லெப்டின் அதனைத் தணிக்கிறது. உடற்பருமன் உடையோரிடம் லெப்டின் மிகுந்திருந்தும் மூளை அதற்கு உரியவாறு இணங்குவதில்லை. பிட்யூட்டரி சுரப்பி புரோலாக்டினை அளவுக்கு மீறிச் சுரக்காமல் தடுப்பதும் டோபமினே.

மருந்தால் நேரும் மாற்றம்

மனச்சிதைவுக்கான மருந்துகள் பெரும்பாலும் டோபமின் ஏற்பிகளை மறித்துப் பயன் தருகின்றன. ஓலன்சபின், குளோசபின் ஆகியவை ஹிஸ்டமின், செரடோனின் ஏற்பிகளையும் மறிப்பதால் பசி பெருகி, எடையும் இரத்தச் சர்க்கரையும் உயரக்கூடும். ரிஸ்பெரிடோன் புரோலாக்டினை உயர்த்துவதால் மாதவிடாய் தவறுதல், மார்பில் பால் கசிதல், ஆண்களுக்குப் பாலுணர்வுக் குறைவு ஆகியவை நேரலாம்.

இதற்கு மறுதலையான சான்றும் உண்டு. டோபமின் ஏற்பியைத் தூண்டும் புரோமோகிரிப்டின், இரண்டாம் வகை நீரிழிவுக்குக் காலையில் உட்கொள்ளும் மருந்தாக அமெரிக்காவில் 2009ஆம் ஆண்டு ஒப்புதல் பெற்றது. ஆயினும் இம்மருந்து மனநோய்க் குறிகளைத் தீவிரப்படுத்தக்கூடும். தாமாக வாங்கி உட்கொள்ளலாகாது.

செய்ய வேண்டியவை

1. எடை கூடுகிறது என்பதற்காக மருந்தை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் நோய் திரும்பும் அபாயம் மிகுதி. அளவைக் குறைப்பதும் மருந்தை மாற்றுவதும் மருத்துவர் முடிவுக்குரியவை.
2. எடையையும் இடுப்புச் சுற்றளவையும் மாதந்தோறும் குறித்து வைத்து, மருத்துவரிடம் காட்டுங்கள்.
3. இரத்தச் சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைகளை மருந்து தொடங்கும்போதும், 3 மாதங்கள் கழித்தும், பின்னர் ஆண்டுதோறும் செய்துகொள்ளுங்கள்.
4. மிகுந்த தாகமும் அடிக்கடி சிறுநீர் கழிதலும் தோன்றினால் உடனே வாருங்கள்.
5. இனிப்புப் பானங்களையும் பொரித்த பண்டங்களையும் வீட்டில் வாங்கி வைக்காதீர்கள். நோயாளியுடன் நீங்களும் நாள்தோறும் நடந்து வாருங்கள்.

உணவு வேளையில் கடிந்துரைப்பதால் பசி தணிவதில்லை. வெறுப்புற்ற நோயாளி மருந்தையே ஒதுக்கக்கூடும். எடை கூடத் தொடங்கியவுடனேயே எங்களிடம் தெரிவித்தால், மனநலமும் உடல்நலமும் கெடாதவாறு சிகிச்சையை அமைக்க இயலும்.