காளானின் பிழைப்பும் சங்கத்தின் விதைச் சோளமும்

காளான் செடியுமன்று, பிராணியுமன்று. பசுமை இல்லாமையால், சூரிய வெளிச்சத்தைக் கொண்டு தன் உணவைத் தானே ஆக்கிக்கொள்ளும் சக்தி அதற்குக் கிடையாது. மக்கிய பொருளையோ, உயிருள்ள பயிரையோ அண்டியே அது பிழைக்க வேண்டும். நாம் குடையாகக் காண்பது, மரத்துக்குக் காய் எப்படியோ அப்படிப்பட்ட ஒரு பாகம் மாத்திரமே. அதன் உடல், நூலினும் மெல்லிய இழைகளாக மண்ணிலும் கட்டையிலும் வைக்கோலிலும் பரவிக் கிடக்கின்றது. இதை ஏட்டில் படிப்பதைவிட, மழைக்குப் பின் உபாத்தியாயரோடு வயல்வெளியைச் சுற்றிவரும் மாணாக்கர் நன்கு கற்பர்.

முதலில் புற்றுக்காளானைப் பார்ப்பது நலம். அதைப் பிடுங்கிவிடாமல் தண்டைச் சுற்றி மண்ணை மெல்ல அகழ்ந்துகொண்டே போனால், வேர்போல் நீண்டு இறங்கும் பாகம் கறையானின் அறையொன்றிற் சென்று முடியும். (பாம்பு இருக்கலாமாதலால் பெரியவர் ஒருவர் முன்னின்று அகழ்தல் வேண்டும்.) அவ்வறையில் துளை துளையாக ஒரு கூடு காணப்படும். கறையான் தின்று அரைகுறையாகச் சீரணித்த சருகு, சுள்ளி முதலியவற்றின் எச்சத்தால் ஆனது அது. காளானுக்கு அதுவே வயல். கறையானால் எளிதிற் சீரணிக்கவொண்ணாத கட்டைப் பொருளைக் காளான் பக்குவப்படுத்துகின்றது; பக்குவமானதைக் கறையான் உண்கின்றது. காளானுக்குக் கிடைப்பது இருப்பிடம், ஈரம், காவல். பதிவு செய்யாத கூட்டுறவுச் சங்கம் என்று இதனைக் கூறினால் நம் அங்கத்தினர்கள் கோபிக்கமாட்டார்கள்.

அடுத்து விதையைப் பார்க்கலாம். விரிந்த காளானின் காம்பை நீக்கி, மடிப்புள்ள பக்கம் கீழே இருக்கும்படி குடையை வெள்ளைக் காகிதத்தின்மீது வைத்துக் கிண்ணத்தால் மூடி ஓர் இரவு விட்டால், காலையில் மடிப்புகளின் படம் தூளாகப் பதிந்திருக்கும். புற்றுக்காளானின் தூள் இளஞ்சிவப்பு. புல்தரையில் வளரும் ஒரு வெள்ளைக் காளானின் தூளோ பச்சை. அது கடும் வாந்தி பேதியை உண்டாக்கும். ஆயினும் தூளின் நிறம் ஒன்றையே நம்பி எதனையும் உண்ணலாகாது. பூச்சி தின்ற காளான் விஷமற்றது, வெள்ளிக் காசு கறுக்காவிடில் குற்றமில்லை என்பனவெல்லாம் வெறும் நம்பிக்கைகள். சில விஷங்கள் சமைத்தாலும் அழியா. உண்டு பல மணி நேரம் கழிந்தே குணம் காட்டும்.

தூள் ஒன்றே காளான் இனத்தின் விதை என்று கண்ட மாணாக்கரை அங்கிருந்து சோளக் கொல்லைக்கு அழைத்துச் செல்க. அவ்வினத்தைச் சேர்ந்ததே கரிப்பூட்டை நோய். நோயுற்ற கதிரில் மணி இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிறச் சிறு பை நிற்கும். கிள்ளினால் உள்ளே கரித்தூள். களத்தில் அடிக்கும்போது பைகள் உடைந்து, நல்ல மணிகளின்மேல் தூள் ஒட்டிக்கொள்ளும். விதைத்தபின் நாற்றினுள் புகுந்து, கதிர் வெளிவரும் வரையில் அடையாளம் யாதுமின்றி உடன் வளரும். ஆகவே ஒருவர் கொல்லைச் சோளத்தைச் சங்கத்தின் விதைக் குவியலிற் கலந்துவிட்டால், ஒருவருடைய நஷ்டம் அடுத்த பருவத்தில் எல்லோருடையதுமாகும்.

அறுவடைக்கு முன் மாணாக்கர் ஒவ்வொரு கொல்லையிலும் நூறு கதிர்களை எண்ணி, பை உள்ளவை எத்தனை என்று குறித்துத் தரட்டும். ஒன்றிரண்டே ஆயினும் அக்கொல்லைத் தானியத்தை விதைக்கு ஏற்காதிருப்பது உசிதம். ஏற்பவற்றிலும் கிலோ ஒன்றுக்கு 4 கிராம் வீதம் நுண்ணிய கந்தகத்தூள் கலந்து, விதை முழுதும் படியுமாறு மூடிய பானையிற் குலுக்குதல் வேண்டும். முன்னாளில் மயில்துத்த நீரில் ஊறவைக்கும் முறையும் வழங்கிற்று. கந்தகம் அதனிலும் எளிது. கதிர் முழுவதுமே கரியாகும் வேறொரு வகை மண்ணிலிருந்தே பற்றுவதால் இதற்குக் கட்டுப்படாது; அக்கதிரைத் தூள் சிதறுமுன் பையிலிட்டுக் கொய்து எரித்துவிடுக. கந்தகம் கலந்த விதை மிஞ்சினால் சமையலுக்கோ மாட்டுக்கோ கொடுக்கலாகாது. மூட்டையின்மேல் அவ்வாறே எழுதிவைக்க.