அணையாடையும் அளவும்: ஒரு சிறுதொழில் சிந்தனை

(இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. வேதியியல் மாணவர் ஒருவர்)

சென்ற ஆண்டு என் அக்காளுக்கு ஆண் குழந்தை பிறந்தது. தாய்மாமன் என்ற முறையில் நான் எடுத்துச் சென்ற முதற் சீர் பொன்னும் அன்று, பட்டும் அன்று; ஒரு கட்டு அணையாடை. எங்கள் ஊரில் அதைப் 'பேம்பஸ்' என்பர். குழந்தைக்கு அப்போது ஆறு மாதம். எடை ஏழரைக் கிலோ. கடைக்காரர் எடையைக் கேட்டார். 'எம்' அளவைக் கொடுத்தார். அன்றிரவே தொடையோரம் ஒழுகிப் பாய் நனைந்தது. மறுமுறை 'எஸ்' வாங்கினேன். வயிற்றில் சிவந்த தடம் விழுந்தது. பிரித்த கட்டை எந்தக் கடையில் திருப்பி எடுப்பார்கள்? விடுமுறையில் வேலை பார்த்துச் சேர்த்த பணம் இரண்டு கட்டுகளாக மூலையில் கிடந்தது.

என் தந்தையார் தையற்காரர். ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். நடந்ததைக் கேட்டுச் சிரித்தார். "எடையைக் கேட்டா சட்டை தைக்கிறோம்? தொடையை அளந்து பாருடா" என்றார். இக்கட்டுரை அந்த ஒரு சொல்லில் பிறந்தது.

குறை எங்கே?

ஒழுகிய அணையாடையைக் கத்தரித்துப் பார்த்தேன். நடுப்பகுதி பெரிதும் உலர்ந்தே இருந்தது. ஆகவே குறை உறிஞ்சும் ஆற்றலில் இல்லை. அணையாடையின் நடுவே மரக்கூழ்ப் பஞ்சும், சோடியம் பாலிஅக்ரிலேட் என்னும் பல்படிச் சேர்மத்தின் பொடியும் உள்ளன. இப்பொடி காய்ச்சி வடித்த நீரைத் தன் எடையைப் போல் நூற்றுக்கணக்கான மடங்கு உறிஞ்சிக் கூழாக மாறும். சிறுநீரில் உப்பு இருப்பதால் அத்தனை மடங்கு உறிஞ்சாது. எனினும் ஓர் இரவுக்குப் பெரும்பாலும் போதுமானது. ஆனால் நீர் பொடியைச் சென்றடையுமுன்பே தொடையோர இடைவெளி வழியே வெளியேறிவிட்டால் வேதியியல் என்ன செய்யும்?

எடையும் உடலும்

சில கட்டுகளில் 'எஸ்' 4 முதல் 8 கிலோ, 'எம்' 7 முதல் 12 கிலோ, 'எல்' 9 முதல் 14 கிலோ என அச்சிட்டிருக்கக் காணலாம். உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணைப்படி ஆண் குழந்தையின் இடைநிலை எடை 6 மாதத்தில் 7.9 கிலோ, 12 மாதத்தில் 9.6 கிலோ. முதலாவது 'எஸ்', 'எம்' இரண்டிலும் அடங்கும். இரண்டாவது 'எம்', 'எல்' இரண்டிலும் அடங்கும். சராசரிக் குழந்தைக்கே இந்தக் குழப்பம் என்றால், மெலிந்த தொடையும் பருத்த வயிறும் உடைய குழந்தையின் தாய் யாரைக் கேட்பாள்? ஒரே எடையுள்ள இரு குழந்தைகளின் உடல்வாகு ஒன்றாக இருப்பதில்லையே!

தொழில் முறை

நான் எண்ணும் தொழில் இதுதான். ஓர் அளவு நாடா, குழந்தை எடைபார்க்கும் கருவி, ஒரு பதிவேடு. தாய் வந்ததும் குழந்தையின் எடை, இடுப்பு, தொடை ஆகிய மூன்றையும் குறிக்க வேண்டும். பொருந்தக்கூடிய இரண்டு வகைகளில் ஒவ்வோர் உருப்படி மட்டும் விற்க வேண்டும். வீட்டில் அணிவித்துப் பார்த்தபின் அவர் வந்து சொல்வதையும் பதிவேட்டில் எழுத வேண்டும்.

பார்க்க வேண்டியவை மூன்று. இடுப்புப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். தொடையோர மடிப்பு உட்புறம் மடங்காமல் வெளியே நிற்க வேண்டும். கழற்றியபின் ஆழ்ந்த தடம் இருத்தல் கூடாது. தோலில் புண் கண்டால் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். நாம் வணிகர், வைத்தியர் அல்லர்.

நூறு குழந்தைகளின் பதிவு சேர்ந்தால், எந்த உடல்வாகுக்கு எந்த நிறுவனத்தின் எந்த அளவு பொருந்தும் என்னும் அட்டவணை உருவாகும். அந்த அட்டவணையே இத்தொழிலின் உண்மையான மூலதனம். என் மருமகனுக்கு வேறொரு நிறுவனத்தின் 'எம்' அளவே பொருந்தியது. அதை அறிய இரண்டு கட்டுகள் வீணாயின. பதிவேடு இருந்திருந்தால் இரண்டு உருப்படிகளோடு போயிருக்கும்.

வருவாய்

200 குடும்பங்கள் நாளுக்கு ஓர் உருப்படி வாங்குவதாகக் கொள்வோம். மாதம் 6,000 உருப்படி ஆகும். ஒன்றுக்கு 50 காசு மிஞ்சினால் 3,000 ரூபாய். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த இயலாது என்பதை மறைக்க வேண்டியதில்லை. தையற்கடையிலோ மருந்துக் கடையிலோ ஒரு மூலையில் தொடங்குவதே அறிவுடைமை. முத்ரா திட்டத்தில் 50,000 ரூபாய் வரை கடன் தரும் பிரிவுக்குச் 'சிசு' என்றே பெயர். நம் தொழிலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் உண்டோ?

முடிவுரை

அமெரிக்கத் தாய் மேரியன் டோனோவன் 1946இல் குளியலறைத் திரையை வெட்டித் தையல் எந்திரத்தில் தைத்து, நீர் கசியாத அணையாடை உறையை உருவாக்கினார். 1951இல் காப்புரிமை பெற்றார். அவருக்குத் தொழிற்சாலை இல்லை; வீட்டில் நனைந்த துணி இருந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். "பட்டம் வாங்கிவிட்டு இதையா விற்கப் போகிறாய்?" என்று அம்மா கேட்டார். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பழைய அளவு நாடா ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். நண்பர்களே, பதிவேட்டின் முதற் பக்கத்தில் என் மருமகனின் தொடையளவை எழுதிவிட்டேன். மற்றப் பக்கங்களை இனி நிரப்ப வேண்டும்.