வேட்டையும் மிகைக்கொலையும்

திருவொற்றியூரிற் சித்தாந்த பாடம் கேட்டுவரும் அன்பருள் வலைத்தொழிற் குடியிற் பிறந்தார் ஒருவர், சின்னாட்களுக்கு முன்னர் ஒரு வினாவை எழுப்பினர். "ஐயா, கண்ணப்ப நாயனாரும் கொன்றார், அதிபத்த நாயனாரும் கொன்றார், அவர்களைத் திருமேனியாக எழுந்தருளுவித்துக் கும்பிடுகின்றோம். என் தகப்பனாரும் கொன்றார். அவருக்கு நற்கதி இல்லை என்று உடன் பாடங் கேட்பவர் சொல்லுகின்றனர். இது என்ன நியாயம்?" என்பதே அவ்வினா. அன்று யாம் கூறிய விடை எமக்கே நிறைவு தரவில்லை. ஆதலின் அதனை ஈண்டு விரித்து ஆராயப் புகுகின்றோம்.

கொல்லாமை தலையாய அறம் என்பதில் நம்மவருள் எவர்க்கும் ஐயமில்லை. திருவள்ளுவர் புலால் மறுத்தலை 26ஆம் அதிகாரமாகவும், கொல்லாமையை 33ஆம் அதிகாரமாகவும் வைத்து ஓதினர். இரண்டும் துறவறவியலில் அமைந்தன என்பதைக் காட்டி, "இல்வாழ்வார்க்கு இவை விதியல்ல" என்று சாதிப்பாரும் உளர். அது கொள்ளற்பாலதன்று. துறவறவியலிலேயே வாய்மையும் கள்ளாமையும் அமைந்துள. இல்வாழ்வான் பொய்யும் களவும் செய்யலாம் என்று அதனால் துணிவார் யார்? ஆகவே கொல்லாமையின் பெருமையை ஓரணுவும் குறைத்தல் எம் கருத்தன்று. ஆயின், "கொலை யாவும் ஒரே நிறையினவே, வயிற்றுக்கு மீன் பிடிப்பவனும் பொழுதுபோக்கிற்குப் புலியைச் சுடுபவனும் ஒரு தட்டில் வைக்கப்படுவர்" என்று கூறுவது சித்தாந்தத்திற்கு ஒவ்வுமோ என்பதே வினா.

முதற்கண் ஒரு தடையை நீக்குதல் வேண்டும். "ஒவ்வோர் உயிரும் தன் பிராரத்தம் முடிந்தவழியே உடம்பை விடுகின்றது, மானின் வினை முடிந்தது, வேடன் கருவியாக நின்றான், அவனுக்குக் குற்றம் ஏது?" என்பர் சிலர். அற்றேல், கொள்ளைக்காரனுக்கும் குற்றம் இல்லையாகும். பொருளிழந்தவன் தன் பழவினையால் இழந்தான் என்று கூறிவிடலாம். உயிர் நுகர்வது அதன் பிராரத்தம் என்பது மெய்யே. அந்நுகர்ச்சியைக் கூட்டுவிப்பவன் இறைவன். ஆனால் அம்பு தொடுத்தவன் மனத்தில் எழுந்த எண்ணம் மானின் வினையன்று. அஃது அவனுக்கே உரிய புதுவினை. அதனையே ஆகாமியம் என்கின்றோம். மனம், வாக்கு, காயம் என்னும் மூன்றானும் அது ஈட்டப்படும். எனவே பட்டு வீழ்ந்த விலங்கு ஒன்றேயாயினும், வீழ்த்தியவன் ஈட்டிய வினை அவன் மனம் நின்ற நிலைக்கேற்ப வேறுபடும்.

இனி, பசிக்கு வேட்டையாடுவான் மனநிலையையும், விளையாட்டுக்கு வேட்டையாடுவான் மனநிலையையும் நோக்குவோம். பசி உடம்பின் தன்மை. உடம்பு மாயையின் காரியம். உயிருக்கு அறிவு விளங்குதற்பொருட்டு இறைவன் தந்த துணை. அதனைக் காத்தற்கு உயிர் படும் முயற்சியில் அறியாமை இருக்கலாம், பாவமும் இருக்கலாம். ஆனால் ஒரு குறை உண்டு, அக்குறை நிரம்பியபோது முயற்சி ஒழியும். விளையாட்டு வேட்டையில் நிரம்ப வேண்டிய குறை யாது? ஒன்றுமில்லை. தன்னினும் வலியதொன்றைத் தான் வீழ்த்தினேன் என்று தனக்கும் பிறர்க்கும் காட்டுதலே ஆண்டுப் பயன். புலித்தலையைச் சுவரில் மாட்டுவதும், மாண்ட விலங்கின்மேற் காலை ஊன்றி நின்று படம் பிடித்துக்கொள்வதும் எதன் பொருட்டு? யான், எனது என்னும் செருக்கின் பொருட்டே. ஆணவம் கன்மத்தைத் துணைக்கொண்டு தன்னைத் தானே வழிபடும் பூசை அது என்னலாம். அதற்கு வயிற்றைப்போல எல்லையில்லை.

எல்லையின்மைக்குக் காட்டு வேண்டின் நெடுந்தூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் நாட்டுச் சிவிங்கி என்னும் வேங்கையினத்தை 1947இல் நடுநாட்டுக் கொரியா சமஸ்தானத்து மன்னர் ஒரே இரவில் மூன்றைச் சுட்டு வீழ்த்தினர். 1952இல் அவ்வினம் இந்நாட்டில் அற்றுப்போயிற்று என்று அரசினர் அறிவித்தனர். அம்மூன்றின் இறைச்சி எவர் பசியையும் தணித்ததாகத் தெரியவில்லை.

"விளையாட்டாக வேட்டையாடியவரும் சில வேளை உண்கின்றனர், உணவுக்கு வேட்டையாடுவோரும் களித்துக் கூத்தாடுகின்றனர், கோடு எங்கே கிழிப்பது?" என்று கடாவின், அது நல்ல கடாவே. பொருளை நோக்கின் கோடு தோன்றாது. அளவை நோக்கின் தோன்றும். இதனைச் சேக்கிழார் சுவாமிகள் நுட்பமாக அமைத்துள்ளார். கண்ணப்பர் புராணத்தில் திண்ணனாரின் முதல் வேட்டை எதனால் நேர்ந்தது? திங்கள்தோறும் நடக்கும் வேட்டை தவறியமையால் பன்றி முதலியன பெருகித் தினைப்புனங்களை அழிக்கின்றன என்று வேடர் வந்து நாகனிடம் முறையிட்டனர். முதுமையால் தளர்ந்த நாகன் மகனைத் தலைவனாக்கி விடுத்தனன். வேட்டை மூண்டு நடக்கும் இடத்திலும், அவ்வேடர் யானைக்கன்றைத் தொடராமையும், சிறு குட்டிகளைக் கொன்று கொலையை மிகைப்படுத்தாமையும், சூல்கொண்டு நடை தளர்ந்த பிணைகளை வருத்தாமையும் ஆசிரியர் தனித்து எடுத்து மொழிகின்றார். எதிர்த்து வருவனவற்றைக் கொல்லும் கொடுந்தொழில் மறவர் என்று கூறும் அதே இடத்தில் இவ்வளவையும் கூறுகின்றார். கொலை வேறு, மிகைக்கொலை வேறு என்னும் பாகுபாடு நம் புராணத்திலேயே உளது என்பதற்கு இதனினும் சான்று வேண்டா. பாடம் சொல்லுவோர் பலர் இவ்விடத்தை வருணனை என்று கருதி விரைந்து கடந்து, கண் இடந்து அப்பிய பகுதிக்குச் சென்றுவிடுகின்றனர். யாமும் பல்லாண்டு அங்ஙனமே செய்தோம்.

திண்ணனார் காளத்தி மலையேறிக் குடுமித்தேவரைக் கண்டபின் அவர் வேட்டையின் தன்மையே மாறுகின்றது. அதன்பின் அவர் கொன்றது தம் வயிற்றுக்கன்று. தனித்திருக்கும் தம் தலைவர் பசித்திருப்பரே என்னும் கவலையால். அதுவும் ஆறு நாளே. ஆறாம் நாள் பிறவுயிரின் ஊனைக் கொணர்ந்த கை தம் கண்ணையே இடந்து அப்புகின்றது. எனவே, "கண்ணப்பர் ஊன் படைத்தார், யாமும் படைப்போம், உண்போம்" என்பார், அவர் முடிவிற் படைத்த ஊன் யாருடையது என்பதையும் உடன் நினைத்தல் வேண்டும். அவர் செயல் நமக்கு விதியன்று. அவர் அன்பு நமக்கு இலக்கு. சிவகோசரியார் அருவருத்ததும் பிழையன்று. ஆகமவழி நின்றவர்க்கு அதுவே முறை. பிழை யாதெனின், புலாலைக் கண்டு அன்பைக் காணாமை.

அதிபத்தர் நிலை இன்னும் நம் அன்பர்க்கு அணித்து. நாகைக் கடற்கரை நுளைப்பாடியில் பரதவர் தலைவராய் வாழ்ந்த அவர், வலையிற் படும் மீனில் முதலாவதை இறைவனுக்கென்று கடலிலேயே விட்டுவந்தனர். நாளொன்றுக்கு ஒரே மீன் படும் வறுமை வந்தபோதும் அதனையே விடுத்து, சுற்றத்தாருடன் பசித்திருந்தனர். இறுதியிற் பொன்மீன் பட்டது. அதுவும் கடலுக்கே சென்றது. அவர் தொழிலை விடுக என்று இறைவன் பணித்ததாகப் புராணம் கூறவில்லை. ஆயினும் அவர் தொழிலுக்குள்ளே ஒரு வரம்பு இருந்தது: கடல் தருவன யாவும் தமக்கே உரியன என்று அவர் கொள்ளவில்லை. இக்காலத்தில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாது காசிமேட்டுத் துறையிற் கட்டப்பட்டிருப்பதைக் காண்கின்றோம். மீன் சினைப்படும் பருவம் கருதிய அரசாணை அது. சூல்கொண்ட பிணையை வருத்தாத வேடர் மரபுக்கும் அதற்கும் உறவு இல்லை என்று எம்மாற் சொல்லமுடியவில்லை.

ஒற்றியூர்ப் பெருமானைப் பாடிய இராமலிங்க சுவாமிகளை இவ்விடத்து நினையாதிருத்தல் கூடாது. அருட்பா மருட்பா வழக்கை இன்று கிளற வேண்டுவதில்லை. புலாலுண்பாரைப் புறவினத்தார் என்று விலக்கிய அவரே, அவர் பசித்து வந்தால் பசியை மட்டும் தவிர்த்தே தீரவேண்டும் என்றனர். 1867இல் வடலூரில் தருமச்சாலை நிறுவினர். பசியையும் கொலையையும் ஒருங்கே எடுத்து ஆராய்ந்தவர் அவர். பசித்தவனுக்குச் சோறு தராது கொல்லாமையை மட்டும் போதிப்பது பாதி அறமே.

அப்பாதியறம் சட்டத்திலும் நிகழ்வதுண்டு. 1972இல் இயற்றப்பட்ட வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் மன்னரும் செல்வரும் ஆடிய வேட்டைக்கு முடிவு கட்டியது, அது பெருநன்மை. ஆயின் அதே சட்டத்தால் செல்வன் இழந்தது ஒரு பொழுதுபோக்கு; நரிக்குறவரும் இருளரும் இழந்தது அன்றாட உணவும் தொழிலும். இருளர்க்குப் பின்னர் ஒரு வழி பிறந்தது. பாம்பைக் கொன்று தோல் விற்ற அவர்கள் 1978இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, வடநெம்மேலியில் பாம்பைப் பிடித்து நஞ்சை மட்டும் எடுத்து, மீண்டும் காட்டிலே விடத் தொடங்கினர். அந்நஞ்சு பாம்புக்கடிக்கு மருந்தாகின்றது. கொல்லாதே என்பதோடு நில்லாமல், கொல்லாது பிழைக்கும் நெறியையும் காட்டியதால் விளைந்த பயன் இது. எல்லார்க்கும் அவ்வாறு வாய்க்கவில்லை.

செங்கற்பட்டுப் பக்கத்து வேடந்தாங்கலின் செய்தியும் இதற்கு இயைவது. அவ்வூரேரிக்கு வரும் நாரையையும் கொக்கையும் வெள்ளைச் சிப்பாய்கள் சுட்டு வந்தனர். ஊரார் சினந்து கலெக்டரிடம் முறையிட்டு, 1798இல் பறவைகளைச் சுடலாகாதென்று எழுத்து வாங்கினர். பறவை எச்சம் கலந்த ஏரிநீர் பயிருக்கு உரமாதலை அவர் அறிந்திருந்தனர். ஆகவே அருளோடு ஆதாயமும் கலந்திருந்தது. இருக்கட்டும். ஆதாயம் கருதியேனும் காத்தவர் உழவர். ஆதாயம் ஏதுமின்றி அழித்தவர் விளையாட்டு வேடர். வேடந்தாங்கல் என்று பெயர் கொண்ட ஊரே வேட்டையை மறுத்து நின்றது வியப்பன்றோ!

இதுகாறும் கூறியவை இருவகைக் கொலை. அன்பரின் வினா பிறந்த தை மாதத்தில் எம் கண்முன் கிடந்ததோ மூன்றாவது வகை. 2025ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரை நெடுகிலும் ஆமைகள் பெருந்தொகையாக மாண்டு ஒதுங்கின. முட்டையிடக் கரைநோக்கி வருபவை அவை. ஆமை நீரில் வாழினும் நுரையீரலாற் காற்றை உயிர்ப்பது. இழுவைமடியில் அகப்பட்டு நெடுநேரம் மேலே வரமாட்டாதாயின் மூச்சடங்கி மாளும். அவற்றை உண்பார் இலர், விற்பார் இலர், கொன்று மகிழ்ந்தாரும் இலர். பசியுமில்லை, செருக்குமில்லை, ஆயினும் உயிர் போயிற்று. 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியபோது கூழைக்கடாக்கள் இறகு ஒட்டிப் பறக்கமாட்டாது நின்றனவே, அதுவும் இவ்வகையே. இவற்றுக்கு வினை உண்டோ, இல்லையோ?

அறிந்து செய்வது புத்திபூர்வம், அறியாது செய்வது அபுத்திபூர்வம் என நூல்கள் பகுக்கும். அறியாது செய்தது வினையே ஆகாது என்பாரை மனுவேந்தன் வரலாறு மறுக்கும். திருவாரூர் வீதியில் அரசிளங்குமரன் தேர் ஊர்ந்தபோது கன்று துள்ளிக் காலடியிற் புகுந்தது. அவன் காணவில்லை, கருதவுமில்லை. அமைச்சர் பிராயச்சித்தம் போதும் என்றனர். வேந்தன் உடன்படவில்லை. தாய்ப்பசு மணி அடித்த ஓசை அவனுக்குக் கேட்டது, அவ்வளவே. ஆரூர்த் தியாகேசரே ஒற்றியூரிலும் எழுந்தருளியிருக்கின்றார். ஆமைக்கு அடிக்க மணியில்லை.

மேலும், முதன்முறை அறியாது நேர்ந்தது அறிந்தபின் அபுத்திபூர்வம் ஆகாது. ஆமை வெளியேறும் வாயில் வைத்த மடி உண்டு என்பதும், கரையோரப் பரப்பில் இழுவைமடி செல்லலாகாதென்று 1983ஆம் ஆண்டுச் சட்டம் எழுந்ததும் தொழிலாளர் அறிந்தனவே. அறிந்தபின் விடுவது மிகைக்கொலையின்பாற் படும். மடியின் சிறு கண்ணில் அகப்பட்டு, விலைபோகாது கோழித்தீவனத்திற்குச் செல்லும் மீன்குஞ்சுகளும் அவ்வாறே.

இங்ஙனம் கூறியதும் அன்பர் இடைமறித்தனர். "ஐயா, படகு எங்களுடையதன்று, மடியும் எங்களுடையதன்று, நாங்கள் பங்குக்குச் செல்கின்றோம். எங்கே இழுப்பது என்று சொல்லுகிறவர் வேறு. அப்பாவம் யாருக்கு?" என்றனர். செய்தல், செய்வித்தல், உடன்படல் என மூவகையானும் வினை பற்றும் என்பது நம் முன்னோர் கொள்கை. கைவலி மிக்கவன்மீது மட்டும் அதனை ஏற்றுதல் முறையன்று. முதலிட்டு ஏவியவனுக்கு ஒரு கூறு. இழுத்தவனுக்கு ஒரு கூறு. விலை குறைந்ததென்று மகிழ்ந்து வாங்கி, விளைந்த வகை வினவாதவனுக்கு ஒரு கூறு. வாங்குவார் இலராயின் விற்பாரும் இலர் என்னும் வள்ளுவர் வாதம் இதற்கும் ஏற்கும். ஏவலுக்குக் கட்டுப்பட்டு, மாட்டாமையால் உடன்பட்டவன் கூறு மூன்றனுள் சிறிது.

அவர் தகப்பனார் கட்டுமரத்தில் தனித்துச் சென்று, அன்றைக்கு வேண்டியது கிடைத்ததும் கரைமீண்டவர் என்று பின்னர்க் கேட்டறிந்தோம். சிறு மீனைக் கையால் எடுத்துக் கடலில் விடுவாராம். எதற்கென்று மகன் வினவியபோது, "அது நம்முடையது இல்லை" என்பாராம். அவருக்குக் கதியில்லை என்று தீர்ப்புக் கூறியவர் அடுத்த வாரப் பாடத்திற்கும் வந்திருந்தார். அன்றைக்கு எடுத்துக்கொண்ட பாடம் அதிபத்தர் புராணம்.