ஆத்து மீனும் உழவர் படிக்கும் பாடமே

ஒரே ஆறுதான். ஆனால் எல்லா மீனும் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. ஏன்? கரிசலுக்கு ஒரு பயிர், செவலுக்கு ஒரு பயிர் என்று நாம பாக்குற மாதிரிதான் மீனும் இடம் பார்க்கிறது. தண்ணியோட வேகம், அடித்தரை, கரையோர நிழல், தண்ணியில் கரைந்திருக்கும் காற்று. இந்த நாலும்தான் கணக்கு.

நான் தாமிரபரணிப் பாசனத்தில் நெல் போடுகிறவன். அதையே பாடமாக எடுத்துக்கொள்வோம்.

பாபநாசத்துக்கு மேலே தண்ணி பாறையில் மோதி ஓடும். அங்கே கல்லொட்டி மீன் உண்டு. வாய்க்குக் கீழே உள்ள தட்டால் கல்லைப் பிடித்துக்கொண்டு பாசியைச் சுரண்டித் தின்னும். கல் மேல வண்டல் படிஞ்சா பிடிப்பும் போச்சு, தீனியும் போச்சு.

கீழே வந்தால் மணல். அது அயிரைக்கு வீடு. ஆபத்து வந்தால் மணலுக்குள் புதைந்துகொள்ளும். மணலை அள்ளிவிட்டால் களிதான் மிச்சம், அயிரை தங்காது.

கரையோர நாணலிலும் கோரையிலும் சின்னக் கெண்டைகள் ஒதுங்கும். முட்டை ஒட்ட அந்தத் தண்டு வேண்டும், குஞ்சு ஒளியவும் வேண்டும். மேல்மட்டத்தில், தலையில் வெள்ளிப் புள்ளி மின்னும் விரல் நீள மீன் கொசுப்புழுவைத் தின்னும்.

தேங்கின தண்ணியில் விரால், குறவை, பனையேறிக் கெண்டை. இவை மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைக்கும். 1952ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஜிலேபிக் கெண்டையும் அழுக்குத் தண்ணியைத் தாங்கும். அதனால் 'வாய்க்காலில் மீன் துள்ளுது, தண்ணி நல்லாருக்கு'ன்னு சொல்லிடக் கூடாது. என்ன மீன் என்று பார்க்கணும்.

நிழல் எதற்கு? 20 டிகிரி தண்ணி லிட்டருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடிக்கும். 30 டிகிரியில் ஏழரைதான். கரை மருதமரத்தை வெட்டினால் மீனுக்கு மூச்சு குறையும்.

வயலிலிருந்து யூரியா வடிந்தால் பாசி பெருகும். பாசி ராத்திரியில் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும்; விடியக்காலையில் மீன் வாயைத் திறந்து தவிக்கும். இயற்கை விவசாயிகளுக்கும் இதில் பங்குண்டு. தொழுவக் கழிவு நேராக வாய்க்காலில் கலந்தாலும் அதே மூச்சுத்திணறல்தான். தாவரக் கரைசல் எல்லாம் மீனுக்குத் தீங்கில்லை என்றும் நினைக்க வேண்டாம். மருக்காரைக் காயை நசுக்கிப் போட்டு மீன் பிடித்தவர்கள்தானே நம்ம முன்னோர்!

செய்து பாருங்கள்: காருக்கு முன்னால் ஒரு தடவை, பிசானம் முடிந்து ஒரு தடவை, வாய்க்கால் தலை, நடு, கடை என மூன்று இடத்தில் ரெண்டு பேர் பழைய வேட்டியை விரித்து அலசுங்க. தரை மணலா சேறா, நிழல் உண்டா, என்ன மீன் என்று நோட்டில் எழுதிவிட்டு மீனைத் தண்ணியிலேயே விடுங்க. தலையில் இருக்கும் மீன் கடையில் இல்லையென்றால், நடுவில் நம் வயல்களிலிருந்து என்ன இறங்குகிறது என்று தேடுங்க.

வரப்போர நாணலைக் களைக்கொல்லி அடித்துக் கருக்காமல் விடுவதே முதல் வேலை.