வண்டிச் செலவுக்குக் கணக்கு

வேலைக்காகச் சொந்த வண்டியில் அலைபவர்கள் பலர். பெட்ரோல் போடுகிறார்கள். டயர் தேய்கிறது. இந்தச் செலவுக்கு முதலாளி பணம் தந்தால், அது சம்பளமா? அதற்கும் வருமான வரி உண்டா?

ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும் கணக்கு எழுதும் அக்காவும் பேசுவதைப் படியுங்கள்.

"அக்கா, எனக்கு மாதம் 1,500 ரூபாய் பயணப்படி தருகிறார்கள். இதற்கும் வரி பிடிப்பார்களா?"

"வேலைக்காக அலைந்து செலவான பணத்துக்கு வரி இல்லை தம்பி. ஆனால் எவ்வளவு செலவானது என்று காட்ட வேண்டும். கணக்கு இருக்கிறதா?"

"இல்லையே அக்கா!"

"கணக்கு இல்லாவிட்டால் முழுப் பணத்தையும் சம்பளத்தோடு சேர்த்துவிடலாம். இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள்."

எது வேலைப் பயணம்?

வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போவதும் திரும்புவதும் கணக்கில் சேராது. அது சொந்தப் பயணம். வேலை தொடங்கிய பின் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு வேலைக்காகப் போவதே வேலைப் பயணம்.

நோட்டில் எழுதுவது எப்படி?

தேதி, போன இடம், என்ன வேலை, எத்தனை கிலோமீட்டர் என்று அன்றன்றே எழுதுங்கள்.

ஜூன் 3: பட்டறை – மருத்துவமனை, லிஃப்ட் பழுது, 14 கி.மீ.
ஜூன் 3: மருத்துவமனை – அடுக்குமாடி வீடு, எண்ணெய் போட, 9 கி.மீ.
ஜூன் 3: அடுக்குமாடி வீடு – பட்டறை, 11 கி.மீ.
மொத்தம்: 34 கி.மீ.

பெட்ரோல் ரசீதுகளை ஓர் உறையில் போட்டு வையுங்கள். பழுது பார்த்த ரசீதையும் சேர்த்து வையுங்கள்.

கணக்குப் பார்ப்போம்

மெக்கானிக் ஒரு மாதத்தில் வேலைக்காக 600 கி.மீ. ஓட்டினார். வண்டி லிட்டருக்கு 50 கி.மீ. ஓடும். ஆகவே 12 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். செலவு 1,200 ரூபாய். வாங்கியது 1,500 ரூபாய். மீதி 300 ரூபாய் சம்பளத்தோடு சேரும். 1,200 ரூபாய் சேராது.

தெரிந்துகொள்ளுங்கள்

முதலாளி பயணப்படி தராவிட்டால், சம்பளக்காரர் பெட்ரோல் செலவைத் தாமே தனியாகக் கழிக்க முடியாது. எல்லாச் சம்பளக்காரருக்கும் ஒரு பொதுக் கழிவு மட்டும் உண்டு. புதிய வரி முறையில் அது 2024-25 நிதி ஆண்டு முதல் 75,000 ரூபாய்.

சொந்தத் தொழில் செய்பவர், தொழிலுக்கு ஓட்டிய வண்டிச் செலவை வருமானத்தில் கழிக்கலாம். அதே வண்டி வீட்டுக்கும் ஓடினால், அந்தப் பங்கைக் கழிக்கக் கூடாது.

வருமானம் குறைவாக இருந்தால் வரியே வராது. அப்போதும் நோட்டு வீண் போகாது. "இவ்வளவு செலவழித்தேன், பணம் தாருங்கள்" என்று முதலாளியிடம் கேட்க அதுவே சாட்சி. உங்கள் கையால் எழுதிய கணக்கு உங்கள் பணத்தைக் காக்கும்.

பயிற்சி

1. வீட்டிலிருந்து பட்டறைக்குப் போவது வேலைப் பயணமா?
2. நோட்டில் எழுத வேண்டிய நான்கு விவரங்கள் எவை?
3. பயணப்படி 2,000 ரூபாய். செலவு 1,650 ரூபாய். சம்பளத்தோடு சேரும் தொகை எவ்வளவு?
4. நேற்று நீங்கள் வேலைக்காகப் போன இடங்களை மேலே உள்ளதுபோல் எழுதுங்கள்.